ரேடியேட்டரில் வாய்க்கால் தண்ணீர்

நாசரேத்தில் என் சித்தி மகள் கட்டிய புது வீட்டின் பிரதிஷ்டை ஜெபத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போதுதான் கார் கொதித்தது. ஆழ்வார்திருநகரியைத் தாண்டி, ஸ்ரீவைகுண்டம் வருவதற்கு முன்னால், இரண்டு பக்கமும் வாழைத்தோட்டம் இருக்கும் இடம். நல்ல உச்சி வெயில்.

ஓட்டியது நான். முன்பெல்லாம் கார் என்றால் என் கணவர்தான். லைசென்ஸ் எடுத்ததோடு சரி, நான் ஸ்டீயரிங்கைத் தொட்டதில்லை. அவர் மேல்நிலைப்பள்ளியில் இயற்பியல் ஆசிரியராக இருந்தார். ஒருநாள் வகுப்பில் எழுதிக்கொண்டிருக்கும்போது கையிலிருந்து சாக்பீஸ் விழுந்திருக்கிறது. எடுக்கக் குனிந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த சில வாரங்களில் பேச்சு சரியாகிவிட்டது. கம்பை ஊன்றி வீட்டுக்குள் நடக்கவும் ஆரம்பித்தார். வலது கை மட்டும் வரவே இல்லை. அதற்குப் பிறகு நான் ஓட்டினேன். அவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை இடது காலால் அழுத்திக்கொண்டு வருவார்.

சூடு காட்டும் முள் ஏறுவதை அவர்தான் முதலில் பார்த்தார்.

"முள்ளு மேல போவுது. ஓரங்கட்டு."

"எந்த முள்ளு?"

"மொதல்ல ஓரங்கட்டுன்னு சொல்லுதேம்லா."

நிறுத்தினேன். பானட்டின் இடுக்குகளில் ஆவி கிளம்பியது. நான் இறங்கி, சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு பானட்டைத் தூக்கி வைத்தேன். அதற்குள் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த ஒருவர் வரப்பேறி வந்தார். வாய்க்காலிலிருந்து பிளாஸ்டிக் கேனில் தண்ணீர் மொண்டு கையோடு கொண்டுவந்திருந்தார்.

"மூடியத் திறங்கக்கா, ஊத்திருவோம்."

உள்ளே இருந்து என் கணவர் சத்தம் போட்டார். "இப்பம் திறக்காதீங்க. சூட்டோட திறந்தா மூஞ்சியில அடிச்சிரும். ஆறட்டும்."

வந்தவர் கேனைக் கீழே வைத்துவிட்டு எங்களோடு காத்திருந்தார். தொட்டுப் பார்த்துத் தொட்டுப் பார்த்து, கை தாங்கும் சூடு வந்த பிறகு மூடியைத் திறந்தோம். கேன் தண்ணீர் முழுவதும் உள்ளே போயிற்று. இன்னொரு கேனும் கொண்டுவந்தார். செம்மண் கலந்த கலங்கல் தண்ணீர்.

"தாமிரவரணித் தண்ணிதான, ஒண்ணும் செய்யாது" என்றார் அவர், எங்களைச் சமாதானப்படுத்துவதுபோல.

பாளையங்கோட்டை வந்து சேரும்வரை என் கணவர் முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டு கேட்டைத் திறந்து காரை உள்ளே விட்ட பிறகுதான் வாயைத் திறந்தார்.

"அந்தத் தண்ணிய வச்சு இனிமே ஓட்டக் கூடாது. உள்ள எல்லாம் சகதி அடைச்சிரும். மொத்தமா வடிச்சிட்டுப் புது கூலன்ட் ஊத்தணும்."

"சரி, ஒர்க்‌ஷாப்புல விட்டிருவோம்."

"இதுக்கா? இதுக்குப் போயா ஒர்க்‌ஷாப்பு?"

அவருக்குச் சட்டைப் பித்தான் போட்டுவிடுவதும் முகம் மழிப்பதும் சோற்றைப் பிசைந்து ஸ்பூனோடு வைப்பதும் நான்தான். அது எதிலும் அவர் ஒரு வார்த்தை மறுத்ததில்லை. என்ஜினைக் குளிரவைக்கும் இந்தக் கூலன்டில் வந்து பிடிவாதம் பிடித்தார். பள்ளிக்கூடம் போன காலத்திலும் காருக்கு ஆயில் மாற்றுவது, பிளக் துடைப்பது, கூலன்ட் மாற்றுவது எல்லாம் அவரே செய்வார். நான் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்க ஆட்களோடு வாதம் செய்துவிட்டு வருகிறவளுக்கு வீட்டிலும் அதைத் தொடர விருப்பம் கிடையாது.

"அப்போ நான் செய்யுதேன், நீங்க சொல்லுங்க" என்றேன். சரி என்று தலையை ஆட்டினார்.

வண்ணார்பேட்டையில் உதிரி பாகக் கடைக்குப் போனேன். பச்சையா சிவப்பா என்று கடைக்காரர் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்குப் போன் செய்தேன். "பச்சை. தண்ணி கலக்காம அப்படியே ஊத்துறதா கேளு. பேட்டரித் தண்ணியும் வாங்கிக்கோ" என்றார். பேட்டரிக்கு ஊற்றும் சுத்தத் தண்ணீர் எதற்கு என்று கேட்டதற்கு, கடைசியாக ஒரு தடவை அலசுவதற்கு என்றார். குழாயில் வருவதும் தாமிரபரணிதானே என்று வாய்வரை வந்தது. இரண்டையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

சனிக்கிழமை காலையில் வேலையைத் தொடங்கினோம். காருக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அவரை உட்கார வைத்தேன். என்ஜின் இரவெல்லாம் ஆறியிருந்தது. அடியில் வைக்க ஒரு பேசின் வேண்டும் என்றார். வீட்டில் இருந்த பெரிய பேசினில் துணி ஊறிக்கொண்டிருந்தது. நான் போய் அந்தத் துணிகளைப் பிழிந்து வாளியில் போட்டு, பேசினைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தேன். நாற்காலி காலியாக இருந்தது.

அவர் தரையில் மல்லாக்கப் படுத்துக் கிடந்தார். தலை பம்பருக்கு அடியில். கம்பு ஒரு பக்கம் கிடந்தது. இடது கை மட்டும் மேலே நீண்டு எதையோ பிடித்திருந்தது. அந்தக் கை வழியாகப் பச்சையும் பழுப்புமாக ஒரு நீர் முழங்கைக்கு ஒழுகி, சட்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

எனக்கு முதலில் வந்தது கோபம். பயம் அதற்கப்புறம் வந்தது.

"விழுந்தீங்களா?"

"விழல. இறங்குனேன்."

"நான் வாறதுக்குள்ள எதுக்கு இறங்குனீங்க?"

"வடிக்குற திருகு எங்கன இருக்குன்னு உனக்குத் தெரியாது. பேசின வையி மொதல்ல, தரையெல்லாம் ஓடுது. நாய் வந்து நக்கிச்சுன்னா செத்துப்போகும்."

பேசினை உள்ளே தள்ளினேன். மேலே ரேடியேட்டர் மூடியை நான் இன்னும் திறக்காததால் நீர் கொஞ்சங்கொஞ்சமாகத்தான் ஒழுகியிருந்தது. இல்லாவிட்டால் மொத்தமும் அவர் முகத்தில் கொட்டியிருக்கும். அவருக்கு அது தெரியும். தெரிந்துதான் திருகைத் தொட்டிருக்கிறார். பிறகு நான் மூடியைத் திறந்ததும் நீர் சத்தத்தோடு இறங்கியது. வாய்க்கால் மண் அப்படியே வந்தது. ஒரு வாழை நாரும் வந்தது.

அவர் அக்குளுக்கு அடியில் கைகொடுத்துத் தூக்கிப் பார்த்தேன். உட்கார வைக்கக்கூட முடியவில்லை. இடது கையை ஊன்றச் சொன்னால் அது ஈரத்தில் வழுக்கியது. இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது.

"யாரையாவது கூப்பிடுதேன்."

"யாரையும் கூப்பிடாத."

"அப்போ இப்படியே கெடக்கப் போறீங்களா?"

"வேலை முடியட்டும். இங்கன இருந்தா எனக்கு எல்லாம் நல்லாத் தெரியுது."

நான் உள்ளே போய் ஒரு தலையணை எடுத்து வந்து பாலித்தீன் பையில் சுற்றி அவர் தலைக்கு வைத்தேன். ஈரச் சட்டையைத் துடைத்துவிட்டேன். அவர் படுத்தபடியே திருகை இறுக்கினார். நான் மேலிருந்து குழாய்த் தண்ணீரை நிரப்பினேன். "போதும்" என்றார். "இப்பம் ஸ்டார்ட் பண்ணு. சூடாகி உள்ள சுத்தணும். அப்பம்தான் சகதி இளகும்."

"நீங்க அடியில கெடக்கும்போது நான் ஸ்டார்ட் பண்ண மாட்டேன்."

"கியர் போடாமத்தான பண்ணப் போற?"

"மாட்டேன்னா மாட்டேன்."

நான் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். தெருவில் மீன்காரர் சைக்கிளில் கூவிக்கொண்டு போனார். கடைசியில் பம்பருக்கு அடியிலிருந்து அவர் குரல் வந்தது.

"அண்ணாச்சி கடைக்குப் போயிட்டாரா பாரு."

அண்ணாச்சி என்பது அடுத்த வீட்டுக்காரர். மார்க்கெட்டில் அரிசிக் கடை வைத்திருக்கிறார். அப்போதுதான் ஸ்கூட்டரை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார். நான் கேட்டருகில் நின்று, "கொஞ்சம் வந்துட்டுப் போங்கண்ணாச்சி" என்றேன். வந்து பார்த்தார். விழுந்துவிட்டாரா, எப்படி, எப்போது என்ற கேள்வியெல்லாம் அவரிடம் வரவில்லை.

"என்ன சார்வாள், ரிப்பேரா?"

"ரிப்பேர் இல்ல, கூலன்ட் மாத்துதோம்."

"சரி, எந்தப் பக்கம் புடிக்கணும்னு சொல்லுங்க, புடிக்கேன்."

என் கணவர் சொன்னார். இடுப்பில் ஒரு கை, இடது தோளுக்கு அடியில் ஒரு கை, வலது கையை இழுக்கக் கூடாது. அண்ணாச்சி சொன்னபடியே செய்தார். "பைய, பைய, ஒண்ணும் அவசரமில்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். முதலில் வெளியே இழுத்து, பிறகு உட்கார வைத்து, பிறகு நாற்காலியில் ஏற்றினார். நான் துண்டு கொண்டுவந்தேன்.

அண்ணாச்சி உடனே போகவில்லை. என்ஜினை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எங்க லோடு வண்டிக்கு நான் குழாத் தண்ணிதான் ஊத்துதேன் சார்வாள். அது ஓடத்தான் செய்யுது."

"ஓடும். உள்ள துரு பிடிச்சுக்கிட்டே ஓடும்" என்றார் என் கணவர். அப்புறம் தண்ணீர் எந்தச் சூட்டில் கொதிக்கும், மூடி இறுக்கமாக இருந்தால் ஏன் அதைவிடக் கூடுதல் சூடு தாங்கும், அதோடு இந்தப் பச்சை நீர் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லிக்கொண்டு போனார். குரல் கொஞ்சம் உயர்ந்து, ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வந்தது. வகுப்பில் அவர் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் இது அந்தக் குரல்தான் என்று தெரிந்தது. அண்ணாச்சி கைகளைக் கட்டிக்கொண்டு கேட்டார். நடுவில் ஒரு சந்தேகமும் கேட்டார். நல்ல சந்தேகம் என்று இவர் பாராட்டினார்.

அண்ணாச்சி கிளம்பியதும் நான் ஸ்டார்ட் செய்தேன். ஹீட்டரையும் முழுதாகத் திருப்பி வைக்கச் சொன்னார், அந்தக் குழாய்களிலும் தண்ணீர் சுற்ற வேண்டுமாம். எங்கள் ஊர் வெயிலில் கார் ஹீட்டர் போட்ட ஒரே நாள் அதுவாக இருக்கும். என்ஜின் சூடான பிறகு அணைத்து, ஆறும்வரை காத்திருந்து, வடித்தோம். இந்தத் தடவை அடியில் படுத்தது நான். திருகு என் கைக்கு எளிதாகவே அகப்பட்டது. இடது பக்க மூலையில், பட்டாம்பூச்சி மாதிரி இரண்டு சிறகு வைத்த ஒரு பிளாஸ்டிக் திருகு. அவர் சொல்லியிருந்தால் நானே கண்டுபிடித்திருப்பேன். அதை அவரிடம் சொன்னேன்.

"தெரியும்" என்றார்.

மறுபடி நிரப்பி, மறுபடி ஓட்டி, மறுபடி வடித்தோம். பழுப்பு வெளிறிக்கொண்டே வந்தது. நடுவில் சாப்பாடும் முடிந்தது. தெளிந்த தண்ணீர் வந்த பிறகு பேட்டரித் தண்ணீரால் ஒருமுறை அலசி, அதையும் வடித்துவிட்டுத் திருகை இறுக்கினேன். இறுக்கியது போதுமா என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். போதும் என்றேன். பிளாஸ்டிக், அதற்கு மேல் இறுக்கினால் உடையும் என்றார். அதையும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

கூலன்டைப் புனல் வைத்து மெதுவாக ஊற்றினேன். வாய்வரை வந்ததும், மூடாமலேயே ஸ்டார்ட் செய்யச் சொன்னார். உள்ளே மாட்டிக்கொண்ட காற்று வெளியேற வேண்டும். மேல் ஹோஸை நான் துணியோடு பிடித்து அமுக்கினேன். குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து வெடித்தன. மட்டம் இறங்கும்போது இன்னும் கொஞ்சம் ஊற்றினேன்.

"அமுக்கு. விடு. அமுக்கு. பைய."

பிறகு அவர் இடது கையை உயர்த்தி என்னை நிறுத்தச் சொன்னார். காது கொடுத்தார். ரேடியேட்டருக்குப் பின்னால் மின்விசிறி தானாகச் சுழலத் தொடங்கியது. சூடு இறங்கியதும் நின்றது. "மூடிரு" என்றார். மூடினேன். பக்கத்து ரிசர்வ் டப்பாவையும் கோடுவரை நிரப்பினேன். வடித்த அழுக்கு நீரைக் கேன்களில் அடைத்து மூடி, மாடிப்படிக்கு அடியில் வைத்தேன்.

மறுநாள் ஞாயிறு ஆராதனைக்குப் போய்வரும்போது முள் பாதிக்கு மேல் ஏறவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமை அண்ணாச்சி தன் லோடு வண்டியை எங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். நான் வாளியை மட்டும் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். "அங்கன இல்ல வே, இங்கன" என்று என் கணவர் போட்ட சத்தம் சமையலறைவரை கேட்டது.

எங்கள் கார் சரியாகிவிடவில்லை. சில மாதம் கழித்து, கடைவீதி நெரிசலில் முள் மறுபடி ஏறியது. இந்தத் தடவை அவரே ஒர்க்‌ஷாப் போகலாம் என்றார். சூடானதும் கூலன்டுக்கு வழி திறந்துவிடும் தெர்மோஸ்டாட் என்ற வால்வு சில நேரம் திறக்காமல் ஒட்டிக்கொண்டிருந்தது. முதல் நாள் கொதித்ததற்கும் காரணம் அதுதான். "அன்னைக்கே பாத்திருக்கணும், எனக்குத் தோணல" என்று மெக்கானிக்கிடம் சொன்னார். வால்வை மாற்ற வேண்டுமானால் உள்ளே இருப்பதை வடித்தாக வேண்டும். சுத்தமான வாளியில் பிடிக்கச் சொன்னார். பிடித்தார்கள். பச்சை நிறம் கலங்காமல் இருந்தது.

மெக்கானிக் வாளியைச் சாய்த்துப் பார்த்தார். "புதுசாத்தான் இருக்கு. இதையே திரும்ப ஊத்திரலாம். எங்க சார் மாத்துனீங்க?"

"வீட்டுல" என்றார் என் கணவர்.

எங்கள் ஊர்ப் பக்கம் வீட்டுல என்று சொன்னால் வீட்டையும் சொல்வோம், மனைவியையும் சொல்வோம். அவர் எதைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. மெக்கானிக் தலையாட்டிவிட்டு வால்வைக் கழற்றப் போனார். நாங்கள் வேப்பமரத்தடியில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தோம். வெயில் என் காலில் பட ஆரம்பித்ததும் அவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து எனக்கு இடம் விட்டார்.