மீடியம் அக்காவின் குளிர்காலம்

இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, எதிரே இல்லாத ஒருவரைக் கட்டிப்பிடித்து, அப்படியே பத்து எண்ணுகிறார் மீடியம் அக்கா. உடம்பில் முழங்கால்வரை தொங்கும் கம்பளிக் கோட்டு. கழுத்துப் பொத்தான் உட்பட எல்லாம் போட்டாயிற்று. வெளியே வெயில் சாலைத் தாரை இளக்கிக்கொண்டிருக்கிறது. காற்றில் ஆடினால் துணி விழுகிற விதம் தெரியாது என்று மின்விசிறியையும் நிறுத்திவிட்டார்கள். நெற்றி வியர்வை இறங்கி வந்து மூக்கு நுனியில் நிற்கிறது. துடைக்க வழியில்லை, இரண்டு கைகளும் வேலையாக இருக்கின்றன.

"முதுகுல இழுக்குது மாஸ்டர். இதைப் போட்டுக்கிட்டு எவளும் புருஷனைக் கட்டிப்பிடிக்க முடியாது. குடும்பத்துல குழப்பம் வரும்."

மாதிரி தைக்கும் மாஸ்டர், வாயில் குண்டூசிகளைக் கவ்வியபடியே சிரிக்கிறார். முதுகில் அரை அங்குலம் கூட்டிக் கோடு போடுகிறார். அந்த அரை அங்குலம் இனி நாற்பதாயிரம் கோட்டுகளில் கூடும். கப்பலேறிப் போய், ஒரு பணக்கார நாட்டின் நாற்பதாயிரம் முதுகுகளுக்குக் கொஞ்சம் தாராளமாக இடம் கொடுக்கும்.

அக்காவுக்கு வேலையே இதுதான், போட்டுப் பார்த்துச் சொல்வது. பதினொரு வருஷத்துக்கு முன்னால் அவரும் வரிசையில் உட்கார்ந்து கைப்பட்டி தைத்துக்கொண்டிருந்தவர். கோட்டு வாங்க வந்த கம்பெனிக்காரர்கள், தங்கள் ஊர் மீடியம் அளவுக்கு ஒரு ஆள் வேண்டும் என்று டேப்பும் கையுமாக ஒவ்வொருவராக அளந்துகொண்டே வந்து இவரிடம் நின்றார்கள். தோள், மார்பு, இடுப்பு, கை நீளம் எதிலும் நூல் பிசகவில்லை. அன்றைக்கு எழுந்தவர் மறுபடி மெஷினில் உட்காரவில்லை. சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் மிச்சம் இருக்கிறது.

நான் அந்தத் தொழிற்சாலையின் ஆள் இல்லை. வாங்குகிறவர்கள் வரும் நாட்களில் இந்தப் பக்கப் பேச்சை அந்தப் பக்கமும், அந்தப் பக்கப் பேச்சை இந்தப் பக்கமும் மாற்றிச் சொல்லக் கூப்பிடுவார்கள். வேலையில்லாத நேரங்களில் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வரவேற்பறைச் சுவரில் ஒரு பெரிய படம்: எங்கள் சின்ன நாட்டு மந்திரியும் அவர்கள் பெரிய நாட்டு மந்திரியும் வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கைகுலுக்குகிறார்கள். அங்கிருந்து இங்கே மெஷினும் பால்மாவும் வரும், இங்கிருந்து அங்கே கோட்டு போகும். இங்கே யாருக்கும் தேவைப்படாத கோட்டு! வர்த்தகம் இரட்டிப்பாகிவிட்டதாகப் பத்திரிகையில் போட்டிருந்தார்கள். அக்காவைக் கேட்டேன். "ஆமா தம்பி, முன்னெல்லாம் நாளைக்கு மூணு கோட்டுதான் போடுவேன். இப்ப ஆறு" என்றார்.

திங்கட்கிழமை காலை அக்காவின் அளவைப் பார்ப்பார்கள். அதற்காக ஞாயிற்றுக்கிழமை முழுக்க வாயைக் கட்டுவார். யாராவது பிறந்தநாள் கேக்கை நீட்டினால், முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார்.

"ஒரு துண்டு தின்னா குடியா முழுகிடும்?"

"குடி முழுகாது. என் பொண்ணு தோள்ல கோட்டு சேராம போயிடும்."

முதலில் கேட்டபோது எனக்கும் ஒன்றும் புரியவில்லை. அக்காவின் ஒரே மகள் அந்தப் பணக்கார நாட்டில் இருக்கிறாள். முதியோர் இல்லத்தில் வேலை. போய் ஏழு வருஷம். உடம்பு வாகு அச்சு அசல் அம்மாதான். பள்ளிக்கூடம் போகும் வயதிலேயே அக்காவின் சட்டையைக் கேட்காமல் எடுத்துப் போட்டுக்கொள்வாளாம். ஆகவே அக்காவின் கணக்கு நேரானது. மீடியம் என்றால் நான். நான் என்றால் அவள். நான் பருத்துவிட்டால் அங்கே கடையில் தொங்குகிற கோட்டெல்லாம் அவளுக்குத் தொளதொளவென்று ஆகிவிடும்.

மகளால் வரமுடியாது. நிரந்தரமாகத் தங்கும் காகிதத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறாள். அது கைக்கு வருமுன் ஊரைவிட்டுக் கிளம்பினால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். அக்காவாலும் போகமுடியவில்லை. பார்த்துவிட்டு வருகிறேன் என்று இரண்டு தடவை விசாவுக்குப் போனார், இரண்டு தடவையும் இல்லையென்றுவிட்டார்கள். திரும்பி வருவார் என்று நம்பத் தகுந்த காரணம் இல்லையாம்.

"என் அளவு மட்டும் போகுது பாருங்க தம்பி. அந்த ஊர் ரோட்டுல என் அளவு ஆயிரக்கணக்குல நடக்குது, பஸ் ஏறுது. நான் இங்க ஃபேன் இல்லாம நிக்கறேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் சொல்லிவிட்டுக் கோட்டின் கைமடிப்பை நெடுநேரம் நீவிக்கொண்டிருந்தார்.

ஒரு கோட்டை மகளுக்கு அனுப்பிவிட்டால் என்ன என்று யாருக்கும் தோன்றும். அங்கேதான் சங்கடம். துணி ஏற்றுமதிக்கென்று வரிவிலக்கில் வந்தது. கோட்டாகி, கணக்குப்படி கப்பலேறித்தான் வெளியே போகவேண்டும். தொழிற்சாலை வாசலைத் தாண்டி ஒரு பொத்தான் ஊருக்குள் போனாலும் கடத்தல். காவலாளி சாப்பாட்டுப் பையைக்கூடக் கவிழ்த்துப் பார்ப்பார். பழைய மாதிரிகளை வருஷக் கடைசியில் அதிகாரி முன்னிலையில் துண்டு துண்டாக வெட்டுவார்கள். அன்றைக்கு அக்கா கழிவறைப் பக்கம் போய் நின்றுகொள்வார். பதினொரு வருஷமாக அத்தனை கோட்டையும் முதலில் போட்ட ஆளிடம் ஒரு கோட்டுகூடக் கிடையாது.

மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் தண்ணீர்த் தொட்டியின் நிழலுக்குப் போய்விடுவார். அங்கே அப்போது விடிந்திருக்காது. மகள் வேலைக்குப் போகப் பேருந்து நிறுத்தத்தில் நிற்கிற நேரம். ஃபோன் திரையில் இருட்டு, ஒரு மஞ்சள் விளக்கு, கீழே பனி, நடுவே மகளின் மூக்கு. வலது கையில் ஃபோனைப் பிடித்திருப்பாள், இடது கையைக் கக்கத்தில் செருகியிருப்பாள். கொஞ்ச நேரத்தில் கை மாற்றுவாள். மறுபடி மாற்றுவாள்.

"க்ளவுஸ் எங்கடி?"

"போட்டா ஃபோன் கேக்க மாட்டேங்குதும்மா. எடுத்துட்டுத்தான் உன்னைக் கூப்பிடறேன்."

"அப்ப பாக்கெட்டுல விடு."

"இந்த மலிவுக் கோட்டுல பாக்கெட் பேருக்குத்தான். வெளியவிட உள்ள குளிருது."

தன்னோடு பேசுவதற்காகவே மகளின் கை விறைக்கிறது என்பது அக்காவுக்குத் தாங்கவில்லை. பேச்சைக் குறைத்துப் பார்த்தார், முடியவில்லை. கூப்பிடாதே என்று ஒரு வாரம் சொல்லிப் பார்த்தார். அந்த வாரம் இருவருமே உருப்படவில்லை.

போன வருஷம் இரண்டு நாடுகளும் மறுபடி உட்கார்ந்து பேசின. வரிச் சலுகையைக் கொஞ்சம் குறைத்தார்கள். மந்திரிகள் கைகுலுக்கிய புதுப்படம் வந்தது. அதன் பின்னாலேயே, வாங்குகிற கம்பெனியின் அம்மாள் ஒரு பட்டியலோடு வந்திறங்கினார். அங்கே வரி கூடியதை இங்கே கோட்டில் எங்கேயாவது குறைத்தாகவேண்டும். குறைப்பதற்கு அவர் தேர்ந்தெடுத்தது கோட்டுப் பை. அதுவரை உள்ளே மெத்தென்ற கனத்த துணி வைத்திருந்தார்கள். இனி வழவழவென்று மெல்லிய துணி, ஆழத்திலும் இரண்டு அங்குலம் கம்மி.

அக்கா கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றார். கையைத் தூக்கினார், திரும்பினார், காற்றைக் கட்டிப்பிடித்தார். எல்லாம் சரி. கடைசியில் பைக்குள் கையை விட்டவர் எடுக்கவில்லை.

"பாக்கெட் சரியில்லை" என்றார்.

மேனேஜருக்கு முகம் சிவந்துவிட்டது. "உன்னை அளவு சொல்ல வெச்சிருக்கோம், அபிப்பிராயம் சொல்ல இல்லை." இரண்டாவது வரிசையில் புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கும் மீடியம் அளவு கச்சிதமாக இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அக்காவுக்கும் தெரியும். ஆனாலும் ஒற்றைக்காலில் நின்றார்.

"தம்பி, நான் சொல்றதை அப்படியே சொல்லுங்க. மழுப்பாதீங்க. என் பொண்ணு கை வெறைச்சுப் போகுதுன்னு சொல்லுங்க."

மழுப்புவதற்குத்தான் எனக்குச் சம்பளம். அன்றைக்கு ஏனோ சொன்னபடியே சொன்னேன். மகள் எங்கே இருக்கிறாள் என்று அந்த அம்மாள் கேட்டார். உங்கள் ஊரில்தான் என்றேன். பத்துப் பன்னிரண்டு தடவை வந்தவர். அக்காவின் தோளையும் இடுப்பையும் அன்றுவரை பார்த்திருப்பாரே ஒழிய, முகத்தை அன்றுதான் பார்த்தார்.

அதற்குள் அக்கா கேன்டீனுக்கு ஆளனுப்பி ஒரு கிண்ணம் ஐஸ் வரவழைத்திருந்தார். அந்த அம்மாளின் இரண்டு உள்ளங்கைகளிலும் கட்டிகளை வைத்து மூடி, தன் கையால் மேலே பிடித்துக்கொண்டார். மேனேஜர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. ஒரு நிமிஷம் கழித்து ஐஸைத் தட்டிவிட்டு, அந்த அம்மாளின் ஒரு கையைப் பழைய மாதிரியின் பையிலும், இன்னொன்றைத் தான் போட்டிருந்த கோட்டின் பையிலும் செருகினார். அந்த அம்மாள் முதலில் விளையாட்டு என்று சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. குளிர் ஊரில் பிறந்தவருக்கு நான் எதையும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

"கோட்டுக் கையில மூணு பட்டன் வெச்சிருக்கீங்களே, அது எதையும் பூட்டாது, திறக்காது. சும்மா அழகுக்கு" என்றார் அக்கா. "அதை எடுங்க. அந்தக் காசுக்குப் பாக்கெட்டுல துணி போடுங்க."

மாஸ்டர் விரல்விட்டுக் கணக்குப் பார்த்துவிட்டு, சரியாக வரும் என்று தலையாட்டினார். அந்த அம்மாள் நோட்டில் எதையோ அடித்து, எதையோ எழுதினார். மாதிரிக்கு முத்திரை விழுந்தது. இரண்டு நாட்டு மந்திரிகளும் மூன்று நாள் உட்கார்ந்து பேசினார்கள் என்று படித்திருந்தேன். அக்காவுக்கு அரைமணி நேரம் ஆயிற்று. அடுத்த திங்கட்கிழமை மேனேஜர் பழிக்குப் பழியாகத் தானே டேப்பைப் பிடித்து அளந்தார். அக்கா மூச்சை இழுத்துக்கூடப் பிடிக்கவில்லை. நூல் பிசகாமல்தான் இருந்தார்.

கோட்டுகள் கப்பலேறிப் போய் நான்கைந்து மாதம் கழித்து, அடுத்த பருவத்து மாதிரிகளுக்காக என்னை மறுபடி கூப்பிட்டார்கள். சாப்பாட்டு மணி அடித்ததும் அக்கா என் சட்டையைப் பிடித்து இழுக்காத குறையாகத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூட்டிப்போனார். "நேத்துதான் வாங்கிட்டாளாம். தள்ளுபடிக்குக் காத்திருக்காதேன்னு சொல்லி, கோட்டு நம்பரையும் பாடமா சொல்லிக் குடுத்தேன். கடைக்காரப் பொண்ணே அசந்து போயிட்டாளாம்."

ஃபோன் அடித்தது. இருட்டு, மஞ்சள் விளக்கு, பனி. நடுவே, போன தடவை அக்கா மேல் நான் பார்த்த அதே கோட்டு.

"கையைத் தூக்கு... திரும்பு. மெதுவா. முதுகு எங்கயாவது பிடிக்குதா?"

"இல்லம்மா."

"பாக்கெட்?"

"இரு, காட்டறேன்."

திரை கறுத்துவிட்டது. துணி உரசும் சத்தம் மட்டும் கரகரவென்று வந்தது. இணைப்பு அறுந்துவிட்டது என்று நினைத்து நான் கை நீட்டினேன். அக்கா ஃபோனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டார். உள்ளேயிருந்து, போர்வைக்குள் பேசுவதுபோல் மகளின் குரல் கேட்டது.

"பாக்கெட்டுக்குள்ள வெச்சிருக்கேன்மா உன்னை. என் கையும் உள்ளதான் இருக்கு. சூடா இருக்கு."

"எடுக்காதே" என்றார் அக்கா. "பஸ் வர்ற வரைக்கும் அப்படியே இரு."

துணி உரசிக்கொண்டிருந்தது. வேலைக்குத் திரும்பும் மணி அடித்தது. எல்லோரும் கை கழுவிவிட்டு உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் கதவருகே நின்று கூப்பிட்டார். உச்சி வெயிலில், அந்தக் கறுத்த திரையைக் கன்னத்தோடு அழுத்தி, இன்னொரு கையால் அதன் முதுகைப் பொத்திக்கொண்டு, அக்கா நகராமல் நின்றார்.