சுகர் இல்லை என்று நான் சொன்ன பொய்

கொரோனாவின் இரண்டாவது அலை வந்த வருஷம் ரமலான் நல்ல கோடையில் வந்து மாட்டிக்கொண்டது. நான் பேகம்பூர்க்காரன், தொழிலால் பண்டாரி. கல்யாண வீடுகளுக்குப் பிரியாணி போடுவேன். ரமலான் வந்தால் எங்கள் பள்ளிவாசலுக்கு நோன்புக் கஞ்சி காய்ச்சுவேன். அந்த வருஷம் பள்ளியில் கூட்டம் கூடக் கூடாது என்றிருந்ததால், கஞ்சியை வாளிகளில் ஊற்றி வீடு வீடாகக் கொடுத்தனுப்பினோம்.

கஞ்சி காய்ச்சுகிறவனும் நோன்பாளிதான். ருசி பார்க்க முடியாது. நாக்கு நுனியில் வைத்துத் துப்பிவிட்டால் நோன்புக்குப் பழுதில்லை என்று எங்கள் பள்ளி இமாம் ஹஜ்ரத் சொல்லியிருக்கிறார். ஆனால் எனக்கு ஒரு வீம்பு. உப்பைக் கை அளவில் போடுவேன், மற்றதை மூக்கு பார்த்துக்கொள்ளும். வெந்தயமும் பூண்டும் நொய்யோடு சேர்ந்து கரைகிறபோது ஒரு வாசனை வரும். அது வந்தால் தேங்காய்ப்பாலை ஊற்றுவேன். என்னோடு துடுப்புப் பிடிக்கிற கூட்டாளி, "அண்ணே, ஒங்களுக்கு மூக்குலயே நாக்கு இருக்கு" என்பான். அதைக் கேட்டுக் கேட்டு எனக்குத் தலைக்கனம் ஏறியிருந்தது.

சர்க்கரை வியாதி எனக்கு ஒன்பது வருஷமாக உண்டு. நோன்பு வைப்பதானால் மாத்திரைகளை விடியுமுன் சாப்பிடுகிற சஹர் நேரத்துக்கும் நோன்பு திறக்கிற நேரத்துக்கும் மாற்றிப் போடும்படி டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். முந்தின வருஷம் சஹரில் போட்ட மாத்திரையால் சர்க்கரை இறங்கிப்போய் அடுப்படியில் ஒருமுறை கை நடுங்கி, கண் இருட்டிக்கொண்டு வந்தது. டாக்டரிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். நான்தான் பெரிய ஆளாயிற்றே, சஹர் மாத்திரையை நானே நிறுத்திவிட்டேன். இரண்டாவது அலை ரமலானில், ஒன்றை விட்டபிறகு இன்னொன்று எதற்கு என்று சாயங்கால மாத்திரையையும் விட்டேன். "மாத்திரை போட்டீங்களா?" என்று என் வீட்டுக்காரி தினமும் கேட்பாள். "ஆச்சு, ஆச்சு" என்பேன். பிறகு பேரீச்சம்பழம், ரோஸ் சர்பத், வடை, இரண்டு கோப்பை கஞ்சி என்று ஒரு பிடி பிடிப்பேன்.

பத்து நோன்பு போயிருக்கும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டுகிற அளவுக்குத் தாகம் எடுத்தது. நோன்பென்றால் தாகம் இருக்காதா என்று விட்டுவிட்டேன். உடம்பு அடித்துப் போட்டதுபோல் இருந்தது. அடுப்பு வெக்கை என்று நினைத்தேன். லேசாகக் காய்ச்சல் அடித்தது. அதற்கும் வெயிலைச் சொன்னேன். எனக்கு வந்த ஒவ்வொன்றுக்கும் நோன்பு ஒரு காரணத்தைக் கொடுத்தது, நானும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன்.

ஒருநாள் சாயங்கால அசர் தொழுகைக்குச் சற்று முன்னால், நான் கஞ்சித் தேக்சா பக்கத்திலேயே நின்றுகொண்டு பூண்டு வாசனைக்காகக் காத்திருந்தேன். அது வரவேயில்லை. இன்னும் வேகவில்லை போலிருக்கிறது என்று தீயைக் கூட்டினேன். வாளிகளைக் கழுவப் போயிருந்த கூட்டாளி ஓடி வந்தான்.

"அண்ணே, என்னண்ணே இது! தெருமுனை வரைக்கும் தீஞ்ச வாடை அடிக்குது!"

"என்னடா தீஞ்சது?"

அவன் துடுப்பை உள்ளே விட்டுத் துழாவினான். அடியிலிருந்து கறுப்புக் கறுப்பாக வந்தது. முந்நூறு வீட்டுக் கஞ்சி அடிப்பிடித்துவிட்டது. அதன் முன்னாலேயே நின்றிருந்த எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. குனிந்து முகர்ந்தேன். சூடு மட்டும் முகத்தில் அடித்தது. அவன் இரண்டடி பின்னால் போய், "அண்ணே, கோவிச்சுக்காதீங்க. ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றான். எனக்குக் கோபம்தான் வந்தது. கஞ்சி தீய்ந்த கோபம், மூக்கு ஏமாற்றிய கோபம். அவனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அன்றைக்கு அவன் பயந்து பின்வாங்காமல் இருந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

இரண்டு நாளில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. கொரோனாதான் என்று அவன் பயந்தது வீடு வரைக்கும் எட்டியிருந்ததால், தாமதிக்காமல் ஆட்டோவில் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வீட்டுக்காரியை வாசலோடு நிறுத்திவிட்டார்கள். உள்ளே எழுதிக்கொண்டிருந்த சின்ன வயசு டாக்டர், "சுகர், பிரஷர் ஏதாவது இருக்கா பாய்?" என்று கேட்டார்.

"இல்ல" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? அப்போது எங்கள் தெருவில் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. சுகர் இருக்கிறவன் உள்ளே போனால் திரும்பி வரமாட்டானாம், அவனுக்குப் படுக்கையே கடைசியில்தான் கொடுப்பார்களாம். அதோடு, ஊசி போட ஆரம்பித்தால் ஆயுசுக்கும் ஊசிதான் என்று எனக்கு ஒரு பயம். பத்துப் படி அரிசியை ஒற்றை ஆளாக வடிக்கிறவனுக்கு ஊசி முனையைக் கண்டால் தொடை நடுங்கும்.

ஆக்சிஜன் வைத்தார்கள். நுரையீரலுக்கு என்று மருந்து ஏற்றினார்கள். மறுநாள் மூச்சு கொஞ்சம் லேசானது, ஆனால் தாகம் கொன்றது. நோன்பைத்தான் விட்டாயிற்றே, பாட்டில் பாட்டிலாகக் குடித்தேன். குடித்தது தங்கவுமில்லை. தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்புப் போட்ட ஒரு நர்ஸ் என் கட்டிலுக்கு அடியில் கிடந்த காலிப் பாட்டில்களைக் குனிந்து எண்ணிப் பார்த்தாள்.

"பாய், ஒங்களுக்கு சுகர் இருக்கா?"

"டாக்டர்ட்ட சொல்லிட்டேனே, இல்லன்னு."

"எங்கம்மாவும் இப்புடித்தான் தண்ணி குடிக்கும், இப்புடித்தான் இல்லன்னும் சொல்லும். கைய நீட்டுங்க."

"வேணாம் சிஸ்டர்."

"நீட்டுங்கன்னா!"

விரலில் ஒரு குத்து. மெஷினைப் பார்த்தவள் டாக்டரைக் கூப்பிட வேகமாகப் போனாள். சர்க்கரை நானூற்றைத் தாண்டியிருந்தது. டாக்டர் வந்து, என்மீது கோபப்படக்கூட நேரமில்லாதவராக, வேகமாகச் சொன்னார். எனக்கு ஏற்றுகிற மருந்து நுரையீரலுக்குக் கட்டாயம் வேண்டும். ஆனால் அதுவே சர்க்கரையை ஏற்றிவிடும். சர்க்கரை இப்படி ஏறிக் கிடந்தால் உடம்பால் கிருமியோடு சண்டை போட முடியாது, வேறு தொற்றும் வந்து சேரும். "இருக்குன்னு தெரிஞ்சாத்தான் பாய் நாங்க ரெண்டையும் சேத்துப் பாக்க முடியும்" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்கு வைத்தியம் பார்க்க வந்தவர்களின் கண்ணைக் கட்டிவிட்டிருக்கிறேன். அழுகை வந்தது. முகமூடிக்குள் அழுதால் மூச்சு முட்டும் என்பதையும் அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

நர்ஸ் என் வீட்டுக்குப் போன் போட்டு மாத்திரைப் பெயர்களைக் கேட்டாள். என் வீட்டுக்காரி அலமாரியைக் குடைந்திருக்கிறாள். என் லுங்கிகளுக்கு அடியில் பிரிக்காத அட்டைகள் அப்படியே இருந்திருக்கின்றன. போனிலேயே அட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணினாளாம். பிறகு, "என்ன ஊசி வேணும்னாலும் போடு தாயி. அவரு வேணாம்னா புடிச்சு அமுக்கிப் போடு" என்றாளாம். நர்ஸ் அதைச் சிரித்துக்கொண்டே என்னிடம் சொல்லிவிட்டு இன்சுலினைப் போட்டாள்.

அடுத்த ஐந்தாறு நாள், நான் இருப்பேனா போவேனா என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு வேளை சர்க்கரை இறங்கும், மறு வேளை ஏறும். அது ஏறினால் மூச்சும் இழுத்தது. அந்தப் பெண் விரலைக் குத்துவாள், எழுதுவாள், ஊசி போடுவாள். அத்தனை கட்டிலையும் பார்த்துவிட்டு உடுப்புக்குள் வேர்த்து ஒழுக மறுபடி என்னிடம் வருவாள். வடமதுரைப் பக்கம் ஊர் என்று ஒருதடவை சொன்னாள். பெயர் கேட்க எனக்குத் தோன்றவில்லை. முகத்தை நான் பார்த்ததேயில்லை. இன்றைக்கும் தொழுது முடித்துக் கையேந்தினால், என் பிள்ளைகளுக்குக் கேட்பதற்கு முன்னால் அவளுக்கும் அவள் அம்மாவுக்கும் கேட்கிறேன். பெயர் தெரியாவிட்டால் என்ன, யாருக்கென்று அல்லாஹ்வுக்குத் தெரியும்.

மூன்றாவது வாரம் வெளியே விட்டார்கள். ஆஸ்பத்திரி வாசலிலேயே என் வீட்டுக்காரி ஆரம்பித்தாள். ஒன்பது வருஷத்துப் பாக்கியையும் சேர்த்து ஆட்டோ வீட்டுக்கு வந்து சேரும்வரை திட்டினாள். அவ்வளவு இனிமையாக எனக்கு எதுவும் கேட்டதில்லை. அதன்பிறகு உடம்பு தேற மாதக்கணக்கானது. என்னோடு சேர்ந்து வெளியே வந்த சுகர் இல்லாதவர்கள் மார்க்கெட்டுக்கு நடந்து போனார்கள். நான் கக்கூஸுக்குப் போய் வந்து மூச்சு வாங்கினேன். இன்சுலின் நிற்கவில்லை; வயிற்றில் ஊசி போட என் வீட்டுக்காரியே பழகிக்கொண்டாள். முதல் ஊசியின்போது இரண்டு பேருமே கண்ணை மூடிக்கொண்டோம்.

மறு ரமலான் வந்தது. இன்னும் இன்சுலினில் இருப்பதால் நோன்பு கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நோயாளிக்கு விலக்கு உண்டு, விட்ட நோன்புக்கு ஈடாக ஏழைக்குச் சாப்பாடு கொடுக்கலாம் என்று ஹஜ்ரத்தும் சொன்னார். எல்லாம் புரிந்தது. ஆனாலும் முதல் நோன்பன்று தெருவே பட்டினி கிடக்கிற மத்தியானத்தில், ஊசி போட்ட கையோடு அவள் என் முன்னால் தட்டை வைத்தபோது எனக்கு உடம்பு கூசியது. ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களைத் தவிர, பன்னிரண்டு வயதிலிருந்து நோன்பை விட்டதில்லை.

"கதவச் சாத்து. யாராச்சும் பாத்தா என்ன நெனப்பாங்க" என்றேன்.

நோன்பு வைத்து வறண்டுபோன உதட்டோடு அவள் எழுந்து போனாள். சாத்தியிருந்த ஒரு பக்கக் கதவையும் திறந்து வைத்துவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"பாக்கட்டும். எம்புருஷன் உசுரோட உக்காந்து சோறு திங்கிறாருன்னு ஊரே பாக்கட்டும். ம், சாப்பிடுங்க."

பிஸ்மில்லாஹ் சொல்லிச் சோற்றில் கை வைத்தேன்.