தேடத் தேட அழிந்தது

மலேசியாவின் புக்கிட் பெருந்துங்கில் நான் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடைக்கு, கலும்பாங்கிலிருந்து ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். வேலை முடிந்து நேராக வந்ததால் தொழிற்சாலைச் சட்டையிலேயே இருந்தார். லேப்டாப்பை மேசையில் வைத்தவர், தூசியே இல்லாத அதன் மூடியைக் கைக்குட்டையால் துடைத்தபடியே பேசினார்.

“ரொம்ப ஸ்லோவா இருக்குன்னு வேண்டாததெல்லாம் அழிச்சேன் தம்பி. அதோட என் மக வீடியோவும் போயிருச்சு. அவ இப்ப உயிரோட இல்ல. வேற காப்பியும் இல்ல லா.”

அழித்த ஃபைல், அதன்மேல் வேறொன்று பதியும்வரை டிஸ்கிலேயே கிடக்கும். இவரோ அதை மீட்பதற்காக ஒவ்வொரு மென்பொருளாக அதே டிஸ்கில் இறக்கியிருந்தார். மகள் இருந்த இடத்தில் அவைதான் உட்கார்ந்திருந்தன.

நான் சொன்னதைக் கேட்டதும் அவர் கை நின்றது.

“தேடாம ஆஃப் பண்ணி வச்சிருந்தா கிடைச்சிருக்குமா?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. “கிடைச்சிருக்கும் அங்கிள்.”

வெளியே காரில் காத்திருந்த தன் மனைவியைக் காட்டினார் அவர். “அவகிட்ட டிஸ்க் கெட்டுப்போச்சுன்னு மட்டும் சொல்லுங்க தம்பி” என்றார்.

போய் அப்படியே சொன்னேன். அந்த அம்மா அழவில்லை. இறங்கி வந்து கணவரின் தோளைத் தடவிக்கொடுத்தார்.

“விடுங்க. தூங்காமகூட தேடுனீங்க. உங்களால முடிஞ்சதையெல்லாம் செஞ்சிட்டீங்க.”

அடி வாங்குகிறவரைப்போல அவர் கண்களை மூடிக்கொண்டார். அவரிடம் நான் சொன்ன உண்மை யாருக்கு உதவியது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.