குத்தாத சீட்

சனிக்கிழமை மதியம் இரண்டு மணி வகுப்பு. பாடம் எடுக்கிறவளுக்கே கண் சொக்குகிற நேரம்... படிக்கிறவர்களை என்ன சொல்ல?

சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிற என் கிளினிக்கை அன்றைக்கு மட்டும் மூடிவிட்டு, வாரம் ஒரு நாள் திருச்செங்கோட்டுக்குக் கார் ஓட்டிக்கொண்டு போவதைப் பற்றி இந்தப் பத்தியில் ஏற்கெனவே புலம்பியிருக்கிறேன். பிசியோதெரபி முடித்த பிள்ளைகள் மேற்கொண்டு ஆஸ்டியோபதி படிக்கிற சின்ன நிலையம் அது. மருந்து, ஊசி கிடையாது. எலும்பு, தசை, மூட்டு எல்லாவற்றையும் கையாலேயே தொட்டு, அழுத்தி, இளக்கிச் சரிசெய்கிற முறை. எம்.பி.பி.எஸ். படித்த எனக்கு அங்கே என்ன வேலை? யாரைத் தொடக் கூடாது என்று சொல்லிக்கொடுப்பதுதான் என் வேலை!

இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி உண்டு. காகிதத்துக்கு அடியில் ஒரு தலைமுடியை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு விரலால் தேட வேண்டும். கிடைத்துவிட்டால் மேலே இன்னொரு காகிதம். மறுபடியும் தேடல். நான் போகும்போது பாதிப் பேர் அப்படித்தான் இருப்பார்கள் – கண் மூடி, தலை சாய்ந்து, விரல் மட்டும் மெள்ள ஊர்ந்துகொண்டு... ஜன்னலுக்கு வெளியே மலை வெயிலில் மங்கித் தெரியும். எங்கோ ஒரு பட்டறையில் போர்வெல் போடுகிற ரிக் லாரி ஒன்று உறுமி உறுமி அடங்கும். கோபக்காரி என்று பேர் வாங்கிய நானே கதவருகில் சத்தம் போடாமல் நின்றுவிடுவேன். எழுப்ப மனசு வராது.

ஆனால் எழுப்பித்தானே ஆக வேண்டும்?

தை பிறந்து சில நாள் ஆகியிருந்த அந்தச் சனிக்கிழமை நான் எடுத்தது முதுகுவலி. முதுகுத்தண்டின் அடியில் நரம்புகள் குதிரைவால் மாதிரி கற்றையாக இறங்குகின்றன. டிஸ்க் பிதுங்கி அந்தக் கற்றையை நசுக்கினால், குதிரை ஏறுகிறவருக்குச் சேணம் படுகிற இடம் இருக்கிறதே, அந்த இடம் மரத்துப்போகும். சிறுநீர் சரியாகப் பிரியாது. உடனே ஆபரேஷன் செய்யாவிட்டால் அப்படியே நிலைத்துவிடும். "அந்த முதுகுல கை வைக்காதீங்க. ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுங்க" என்றேன்.

"நம்மூர்ல குதிரைக்கு எங்கீங்க மேடம் போறது? ரிக்கு லாரிதான் இருக்குது" என்றது ஒரு தூக்கக் குரல். வகுப்பே சிரித்தது. நானும்தான்.

"அனுப்பிட்டா, இவளுக்கு ஒண்ணும் தெரியலைன்னு நினைப்பாங்களே மேடம்?" என்று கேட்டவள் அமலா. சேலத்துப் பெண். ஞாயிறு பூசையில் பாடற்குழுவில் பாடுகிறவள். வகுப்பிலேயே நல்ல கை அவளுடையதுதான். நல்ல கை வாய்த்தவர்களுக்கு இந்தப் பயம் ஜாஸ்தி. கை சும்மா இருக்க வேண்டுமே!

வகுப்பு முடிந்ததும் நோயாளிகள் வருவார்கள். பிள்ளைகள் பார்ப்பார்கள், நான் மூலையில் உட்கார்ந்திருப்பேன். அன்று வந்தவர் அர்த்தநாரி, ரிக் லாரி டிரைவர். மனைவி பூங்கொடியும் கூட. பொங்கல் நோம்பிக்கு ஊருக்கு வந்தவருக்கு அன்று சாயங்காலம் வண்டி வடக்கே கிளம்புகிறது.

"ரிக்கு முதுகுங்க. இந்த அம்மிணி ஒரு சொடக்கு எடுத்து உட்டா வண்டியேறிருவேன்" என்றார்.

திருச்செங்கோட்டில் இது ஒரு தனி வியாதி. ரிக்கில் வேலை பார்க்கிறவருக்கு முதுகு வலித்தால் அது ரிக்கு முதுகு. அவரும் அதையே சொல்வார், டீக்கடையும் அதையே சொல்லும், என் மாணவர்களும் அதையே சொல்வார்கள். வண்டி அதிரும், முதுகு வலிக்கும், சொடக்கு எடுத்தால் போகும். முடிந்தது கதை. அப்புறம் யார் கேள்வி கேட்பார்கள்?

அமலா அவரைக் குப்புறப் படுக்கவைத்து முதுகில் கை வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். மின்விசிறி சோம்பலாகச் சுற்றியது. அர்த்தநாரி அரைத் தூக்கத்தில் பேசிக்கொண்டே இருந்தார். ராவெல்லாம் போய்க்கொண்டே இருக்கிற ரோடு... விடிந்து பார்த்தால் இரண்டு பக்கமும் மஞ்சளாகக் கடுகு வயல்... கனவு சொல்கிற மாதிரியே இருந்தது. எனக்கும் இமை இறங்கிக்கொண்டிருந்தது.

"ரெண்டு காலுக்கும் இழுக்குதுங்க. அது கெடக்குது. நம்ம வண்டி சீட்டுல ஸ்பிரிங் ஒண்ணு வெளிய நீட்டிட்டு, குத்திட்டே இருக்குமுங்க. முந்தாநேத்து வண்டியத் தொடைக்க ஏறி உக்காந்தா, குத்தறதே இல்லீங்க. பழகிப்போச்சாட்ட இருக்குது..."

அமலாவின் கை நின்றது. கண் திறந்தது.

"ஸ்பிரிங்க மாத்திட்டீங்களாண்ணா?"

"இல்லீங்க அம்மிணி. அப்புடியேதான் நீட்டிட்டு இருக்குது."

என் தூக்கம் போன இடம் தெரியவில்லை. குதிரை இல்லாத ஊரில் சேணம் எது என்று அவள் கண்டுபிடித்துவிட்டாள்!

"ஒண்ணுக்குப் போறது எப்படிண்ணா இருக்கு?"

அர்த்தநாரி முகத்தைத் தலையணையில் புதைத்துக்கொண்டார். சின்னப் பெண் கேட்கிற கேள்வியா இது? திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பூங்கொடிதான் பதில் சொன்னார். "நேத்திருந்து போயி நின்னுக்கிட்டே இருக்காருங்க. வரவே மாட்டீங்குது. கேட்டா, தண்ணி குடிக்கலீங்கறாரு."

"அட, நீ சும்மா இரு!"

"அக்கா சும்மா இருக்கக் கூடாதுண்ணா" என்று அமலா கையை எடுத்துவிட்டாள். நான் எழுந்து போய் அந்த இடத்தைப் பஞ்சால் தொட்டுப் பார்த்தேன். தொட்டதே அவருக்குத் தெரியவில்லை.

"இப்பவே சேலம் போய் ஆபரேஷன் டாக்டரப் பாக்கணும்ணா. நான் சொடக்கு எடுக்க மாட்டேன்."

அர்த்தநாரி எழுந்து உட்கார்ந்தார். "பொளுதோட வண்டி கெளம்புதுங்க. நான் போகாட்டி வேற ஆளப் போட்டுருவாங்க. உங்களுக்கு வைத்தியம் தெரியலீன்னா, தெரியலீன்னு சொல்லிப்போடுங்க அம்மிணி!"

எந்தச் சொல்லுக்குப் பயந்தாளோ, அதே சொல். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அமலா முந்திக்கொண்டாள்.

"ஆமாண்ணா, எனக்குத் தெரியாது. இது என் கையால ஆகாது. இன்னைக்கு விட்டுட்டா அப்புறம் எப்பவுமே டியூப் வெச்சுத்தான் ஒண்ணுக்குப் போகணும். நீங்க மறுபடியும் வண்டி ஓட்டணும்னுதான் சொல்றேன். நானும் கூட வரேன்."

அர்த்தநாரி யோசித்துக்கொண்டே இருந்தார். பூங்கொடி யோசிக்கவில்லை. கணவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, ரிக் முதலாளிக்கு அடித்து, "அவரு வரலீங்க, நீங்க வேற ஆளப் போட்டுக்கங்க" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

என் காரின் பின்சீட்டில், பூங்கொடி மடியில் தலைவைத்து அவர் படுத்துக்கொண்டார். சங்ககிரி ரோட்டில் வெயில் மஞ்சளாகச் சாய்ந்திருந்தது. ரிக் லாரி ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. அவருடைய வண்டியோ, வேறொன்றோ... படுத்தபடியே ஜன்னல் வழியாக அதன் கம்பத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். முன்சீட்டில் அமலாவின் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன, விரலிடுக்கில் ஜெபமாலை. எத்தனையோ முறை ஓட்டிய ரோடுதான். அன்றைக்கு மட்டும் முடிவேனா என்றது.

அன்றே ஆபரேஷன் நடந்தது. "நல்ல நேரத்துல கொண்டுவந்தீங்க" என்றார் சர்ஜன். சில நாளில் அர்த்தநாரிக்குச் சிறுநீர் தானாகப் பிரிந்தது. நடந்தார். ஆனால் மரத்துப்போன இடம் திரும்புமா? அதைச் சர்ஜனாலும் சொல்ல முடியவில்லை. அமலா ஒவ்வொரு சனிக்கிழமையும் போன் போட்டுக் கேட்பாள். "அப்புடியேதானுங்க கெடக்குது" என்பார் அர்த்தநாரி. அவள் அன்றைக்கெல்லாம் சிரிக்க மாட்டாள்.

நாம் எல்லோரும் இப்படித்தானே? பதிலை முதலில் வைத்துக்கொள்கிறோம். பிள்ளைக்குத் தலைவலியா – செல்போன். மாமியாருக்கு மூச்சு வாங்குகிறதா – வயசு. கணவர் பேசாமல் இருக்கிறாரா – கொழுப்பு! கேட்டுப் பார்த்தால்தானே தெரியும்?

போன சனிக்கிழமை. அதே இரண்டு மணி, அதே தூக்கம், காகிதத்தின் மேல் ஊர்கிற விரல்கள். அமலாவின் போன் அடித்தது. வகுப்பில் போன் அடித்தால் எனக்கு வருகிற கோபம் உங்களுக்குத் தெரியும். பெயரைப் பார்த்ததும் நானே "ஸ்பீக்கர்ல போடு" என்றேன்.

"அம்மிணி... நம்ம வண்டி ஊருக்கு வந்துச்சுங்க. ஓட்டுலீங்க, டாக்டரு இன்னம் உடலீங்க. சும்மா ஏறி உக்காந்து பார்த்தேனுங்க..."

அமலா போனை இன்னும் கிட்டே பிடித்தாள்.

"என்னாச்சுண்ணா?"

"குத்துதுங்க அம்மிணி. நல்லாவே குத்துதுங்க!"

வகுப்பு மொத்தமும் எழுந்து கை தட்டியது. காகிதங்கள் பறந்தன. எனக்குக் கண் கலங்கியது, மறைக்கவில்லை. அமலா அழுதுகொண்டே சிரித்தாள்... போனுக்குள் கத்தினாள்:

"அந்த ஸ்பிரிங்க மாத்திடாதீங்கண்ணா... கொஞ்ச நாளைக்குக் குத்தட்டும்!"