இரண்டு வெளிச்சம்

கோட்டு அக்கா கையில் கொடுத்த கிழிசல் எங்கே இருந்தது என்று கோட்டுக்காரனுக்கே மறந்துபோகும் என்பார் சலவைக்கடைக்காரர். வியாபாரப் பேச்சு என்று நினைக்காதீர்கள், உண்மைதான். சிகரெட் பட்டுப் பொசுங்கிய ஓட்டை, பூச்சி அரித்த சால்வை, ஆணியில் மாட்டிக் கிழிந்த முழங்கை, எதுவானாலும் நெசவு போகிற போக்கிலேயே ஊசியை விட்டு இழை ஓட்டி மூடிவிடுவாள். இருபத்தாறு வருடமாக இதே வேலை. சலவைக்கடையிலிருந்து வருவதில் பாதிக்கு மேல் கோட்டு, அதனால் பேரும் அப்படியே ஒட்டிக்கொண்டது.

அந்த வேலை நடக்கிற இடத்தைப் பார்த்தால் நம்பமாட்டீர்கள். மூன்று மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளம், பின்பக்க அறை. இருப்பது ஒரே ஜன்னல். அதைத் திறந்து கையை நீட்டினால் பக்கத்துக் கட்டடத்துச் சுவர் இடிக்கும். உச்சிப் பொழுதிலும் விளக்குப் போடாமல் செருப்பைத் தேட முடியாது. காலை ஆறு மணியிலிருந்து ஒரு மணிவரை ஒரு அலுவலகக் கேண்டீனில் பாத்திரம் கழுவிவிட்டு, ஊறிப்போன விரல்களைத் துடைத்துக்கொண்டு இரண்டு மணிக்கு அந்த மேசையில் உட்காருவாள். கேண்டீன் காசு வாடகைக்கும் அரிசிக்கும் சரியாகப் போகும். மகளின் நர்ஸ் படிப்பு ஓடியது கோட்டு வேலையில்தான். இன்னும் ஒரு வருடம் இழுத்துவிட்டால் போதும், அப்புறம் காலை நீட்டிப் படுக்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள்.

அந்த மேசைக்கு மேலே இரண்டு விளக்குகள் இருந்தன. ஒன்று நாலடி டியூப்லைட். இன்னொன்று கம்பி வளைத்துக் கீழே இறக்கிய நூறு வாட் குண்டு பல்பு. இரண்டும் எதற்கு என்று அவளை யாரும் கேட்டதில்லை, அவளும் யாருக்கும் சொன்னதில்லை. விஷயம் இதுதான். பழைய கோட்டு வெயில் பட்டு வெளுத்திருக்கும், அதன் உள்மடிப்பிலிருந்தே இழை உருவலாம் என்றால் அது வெளுக்காமல் கறுத்து நிற்கும். அதனால் நூல் பெட்டியிலிருந்துதான் நிறம் பார்த்து எடுக்க வேண்டும். டியூப்லைட்டில் ஒத்துப்போகிற நூல் குண்டு பல்பில் காலை வாரிவிடும். குண்டு பல்பில் சமர்த்தாக இருப்பது டியூப்லைட்டில் பல்லை இளிக்கும். இரண்டிலும் ஒத்துப்போனால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துத் தைக்கலாம், வெயிலில் போட்டாலும் தெரியாது. முதலில் இந்த விளக்கை அணைத்து அதைப் போடுவாள், பிறகு அதை அணைத்து இதைப் போடுவாள். பார்க்கிறவர்களுக்குச் சுவிட்சோடு விளையாடுகிறாள் என்று தோன்றும்.

அவள் வீட்டுக்காரர் லாரி ஓட்டியவர். சரக்கு இறக்கும்போது பின்னால் வந்த வண்டி இடது காலை நசுக்கியது. அதற்குப் பிறகு இரண்டு வருடம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். பேச்சு கிடையாது, சண்டை கூடக் கிடையாது. "சாப்பிடுறீங்களா?" என்றால் "ம்". "தூங்குறீங்களா?" என்றாலும் "ம்". அந்த 'ம்' அவளைத் தின்றுகொண்டிருந்தது. திட்டினாலாவது தேவலை என்று அழுதிருக்கிறாள்.

அவரை எழுப்பி உட்கார வைத்தது ஒரு கரண்ட் பில். தொகையைப் பார்த்து மகள் தலையில் கைவைக்க, அவர் எப்படியோ அதை வாங்கிப் படித்தார். மறுநாள் நொண்டி நொண்டி முக்கு எலக்ட்ரிக் கடைக்குப் போய், சின்னதாக ஒரு எல்.இ.டி பல்பை வாங்கிவந்து சமையல்கட்டில் மாட்டினார். "அறுபது வாட் எரிஞ்ச இடத்துல இப்ப ஒன்பது வாட். வெளிச்சம் அதேதான், பாத்தியா?" இரண்டு வருடத்தில் அவர் பேசிய முதல் முழுப் பேச்சு அது. பல்பை யார் பார்த்தார்கள்? அவள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் கேட்க வேண்டுமா! குளியலறை, நடை, மகள் படிக்கிற மூலை என்று ஒவ்வொன்றாக மாறின. காலை ஆறு மணிக்கு மீட்டரைப் பார்த்துக் கதவுக்குப் பின்னால் சாக்பீஸால் எழுதுவார். "நேத்து நாலரை யூனிட். இன்னிக்கு மூணே முக்கால்!" யாராவது அறையை விட்டு வெளியே கால் வைத்தால் பின்னாலேயே போய் விளக்கை அணைப்பார். "அப்பா, நான் மூச்சு விட்டா மீட்டர் ஓடுமா?" என்று மகள் கேலி செய்வாள். "கொஞ்சமா விடு," என்பார் அவரும். மாடியில் இருப்பவர்களும் கூப்பிட ஆரம்பித்தார்கள். அவர்கள் வீட்டு விளக்கெல்லாம் மாற்றிக் கொடுத்தார், பில் குறைந்தது. கட்டடமே மூக்கில் விரலை வைத்து, அவருக்கு யூனிட்டார் என்று பட்டம் கட்டியது. கூப்பிட்டால் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்.

மிச்சம் இருந்தது அந்த மேசைதான். "டியூப்லைட் நாப்பது வாட், அந்தச் சோக்கு தனியா ஒரு பத்து தின்னும். குண்டு பல்பு நூறு. வீட்டையே தின்னுது உன் மேசை," என்று கண்கொத்திப் பாம்பாய்ப் பார்த்துக்கொண்டிருந்தார். "அது இருக்கட்டும் விடுங்க," என்பாள் அவள். காரணம் சொல்லியிருக்கலாம். ஆனால் ஏழு மணி நேரம் பாத்திரம் தேய்த்துவிட்டு வருகிறவளுக்கு விளக்கம் சொல்லத் தெம்பு எங்கே இருக்கிறது?

ஒரு நாள் கேண்டீனிலிருந்து வந்து கதவைத் திறந்தால் மேசை வெள்ளை வெளேரென்று ஜொலிக்கிறது. டியூப்லைட் இல்லை, குண்டு பல்பு இல்லை. இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி எல்.இ.டி. யூனிட்டார் கைத்தடியை ஊன்றி மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். மாடி வீடுகளில் பல்பு மாட்டியதற்கு ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்த காசு, கால் போனபிறகு அவர் முதன்முதலாகச் சம்பாதித்த காசு, அத்தனையும் அந்த இரண்டு பல்புகளுக்குப் போயிருந்தது. "இருக்கறதுலயே நல்லதாக் குடுன்னு கேட்டு வாங்கினேன். எப்படி இருக்கு?" அவள் முகத்தையே பார்த்தார்.

அவள் இரண்டு பல்பையும் மாறி மாறிப் பார்த்தாள். ஐயோ, இந்த மனுஷனிடம் என்னத்தைச் சொல்வது?

"பளிச்சுன்னு இருக்குங்க," என்றாள்.

ஒரே வெளிச்சத்தில் நிறம் பார்ப்பது அரைக்கண்ணால் பார்ப்பதுதான். ரகசியமாக ஒரு குண்டு பல்பு வாங்கி நூல் பெட்டிக்குள் ஒளித்துவைத்து, அவர் மாடிக்குப் போன ஒரு மதியம் முழுக்க எரியவிட்டு வேலையை முடித்தாள். மறுநாள் மீட்டரில் கால் யூனிட் கூட. மனிதர் விடுவாரா? எங்கேயோ கரண்ட் கசிகிறது என்று முடிவுகட்டி, உடைந்த காலோடு ஸ்டூலில் ஏறி, வீட்டிலுள்ள சுவிட்ச் பெட்டி ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தார். சாயங்காலம் கால் வீங்கிப் படுத்தவரைப் பார்க்கச் சகிக்காமல், அந்தப் பல்பைக் கொண்டுபோய்க் குப்பையில் போட்டாள்.

அப்புறம் வாசல் வெளிச்சம்தான் கதி. பின்னறையிலிருந்து கட்டட வாசலுக்கு நாற்பது எட்டு வைத்து நடக்க வேண்டும். நூலை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போவாள். சரியில்லை என்றால் திரும்ப வந்து வேறு நூலோடு மறுபடி போவாள். முழங்கால் கெஞ்சியது. ஐந்து மணிக்கு மேல் அந்த வழியும் அடைத்துவிடும். அப்படியே இரண்டு மாதம் ஓட்டினாள்.

அந்த வாரம் விடாத மழை. வாசலே இருட்டிக் கிடந்தது. அப்போதுதானா அந்தக் கோட்டு வர வேண்டும்! ஒரு தலைமையாசிரியருடையது, சாம்பல் நிறம், முழங்கையில் ஓட்டை. அவர் ஓய்வு பெறுகிற விழாவுக்கு வேண்டும், மறுநாள் காலை கடையில் இருந்தாக வேண்டும். மூன்று சாம்பல் நூல்களை எல்.இ.டிக்குக் கீழே வரிசையாக வைத்துப் பார்த்தாள். நடுவில் இருந்தது துணியோடு துணியாகக் கலந்தது. இருபத்தாறு வருடக் கையை நம்பித் தைத்துக் கொடுத்துவிட்டாள். அன்றைக்கு அலுப்பு அப்படி.

இரண்டு நாள் கழித்து மழை விட்டது, சலவைக்கடைக்காரர் கோட்டோடு வந்து நின்றார். அவளை வாசல் வெயிலுக்குக் கூட்டிப்போய் முழங்கையைக் காட்டினார். சாம்பலுக்கு நடுவே கத்தரிப்பூ நிறத்தில் ஒரு திட்டு.

"விழா போட்டோ எல்லாத்துலயும் இதுதான் தெரியுதாம், அக்கா. மனுஷன் கடையில வந்து நின்னு கத்திட்டுப் போனாரு. உங்க வேலையா இதுன்னு எனக்கே நம்ப முடியல."

"குடுங்க. பிரிச்சுட்டு மறுபடி போட்டுத் தர்றேன். காசு வேண்டாம்."

"அது சரி. ஆனா இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா கோட்டு வேலையை உங்ககிட்டக் குடுக்க முடியாதுக்கா. என் கடைப் பேரும் இருக்குல்ல?"

பின்னால் கைத்தடிச் சத்தம் கேட்டது. "என்ன ஆச்சு? ஏன் நிறம் மாறிச்சு?" யூனிட்டார்தான்.

சலவைக்கடைக்காரர் அவளைப் பார்த்தார். அவள் வீட்டுக்காரரைப் பார்த்தாள். பல்பு என்று சொன்னால் போதும், அவர் மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவார் என்று நினைத்தாள். அந்த 'ம்' காதில் கேட்டது.

"என் கண்ணுதாங்க. கொஞ்ச நாளா மங்கலாத் தெரியுது. வயசாகுதுல்ல?"

வாய் தவறி வந்த வார்த்தை இல்லை, தெரிந்தே சொன்னாள். அந்த நேரத்துக்குத் தப்பித்தால் போதும் என்று இருந்தது. வெயிலிலேயே உட்கார்ந்து பிரித்து, சரியான நூலைப் போட்டு அன்றைக்கே முடித்துக் கொடுத்தாள். கடைக்காரரும் முகம் தெளிந்து வாங்கிப்போனார். முடிந்தது என்று நினைத்தாள்.

முடியவில்லை. கண் டாக்டரிடம் போகலாம் என்று யூனிட்டார் நாலு நாள் நச்சரித்தார். "நேரம் எங்க இருக்கு? அடுத்த மாசம் பாக்கலாம்," என்று தட்டிக் கழித்தாள். டாக்டர் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடுமே!

அடுத்த திங்கட்கிழமை கடையிலிருந்து கோட்டு வரவில்லை. ஒரு பெரிய மூட்டை வந்திருந்தது. பிரித்தால் உள்ளே முழுக்க விடுதித் தலையணை உறை. எல்லாம் வெள்ளை, ஓரம் மடித்துத் தைக்க வேண்டும். ஒரு கோட்டுக்குக் கிடைக்கிற கூலிக்கு அதில் நாற்பது தைத்தாக வேண்டும்.

"என்னங்க இது?"

"நான்தான் போய்ச் சொன்னேன்," என்றார். "நான் படுத்துக் கெடந்தேன், நீ கண்ணைக் குடுத்து உழைச்சே. நான் பாக்கவே இல்ல. வெள்ளைக்கு வெள்ளை நூலு, நிறம் பாக்கற தொந்தரவே இல்ல. அவரும் நல்லவர், உடனே சரின்னுட்டாரு."

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு நேரே கடைக்கு நடந்தாள். சலவைக்கடைக்காரர் நாற்காலி எடுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை.

"என் கண்ணு நல்லா இருக்கு. அன்னிக்குச் சொன்னது பொய். எங்க வீட்டு விளக்கு மாறினதுதான் காரணம். கோட்டைக் குடுங்க."

கடைக்காரர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பதிலாக அவர் நாலு அறை விட்டிருக்கலாம்.

"அண்ணன் சொன்னாருக்கா, நீங்க இப்படித்தான் வந்து சொல்லுவீங்கன்னு. பிள்ளை படிப்புக்காகக் கண்ணு போனாலும் விடமாட்டா, நீங்க குடுத்துடாதீங்கன்னு என் கையைப் புடிச்சுக்கிட்டு அழுதாரு. கோட்டு வேலையை ஒரு வருஷத்துக்குத் தர்றேன்னு வேற ஒரு அம்மாவுக்கு வாக்குக் குடுத்துட்டேன். நீங்களும் கொஞ்சம் ஓய்வா இருங்கக்கா."

"வேணும்னா சோதிச்சுப் பாருங்க. எந்தக் கோட்டை வேணும்னாலும் எடுங்க, வெயில்ல வச்சு நூல் எடுத்துக் காட்டறேன்."

"சரிக்கா, சரி. அந்த அம்மா எப்பவாவது நின்னா சொல்லி அனுப்பறேன்," என்று ஒப்புக்குச் சொல்லிவிட்டு, வந்து நின்ற வாடிக்கையாளரிடம் திரும்பிக்கொண்டார்.

திரும்பி வருகிற வழியெல்லாம் ஒரே முடிவாக இருந்தாள். சொல்லிவிடுவது. படுத்தால் படுக்கட்டும். மகள் படிப்பு நடுத்தெருவில் நிற்கிறது, இன்னும் என்ன தயவு? மூச்சிரைக்க வீட்டுக்குள் நுழைந்து, மேசை முன்னால் நின்று, சொல்லியும்விட்டாள்.

"இங்க பாருங்க. என் கண்ணுக்கு ஒண்ணும் இல்ல. இந்த மேசைக்கு ரெண்டு வித வெளிச்சம் வேணும். நீங்க ரெண்டையும் ஒண்ணாக்கிட்டீங்க. அதனாலதான் நூல் தப்பாப் போச்சு. என் வேலையும் போச்சு."

யூனிட்டார் தலையை நிமிர்த்தினார். முகம் விழவில்லை. கோபமும் இல்லை. அடம்பிடிக்கிற குழந்தையைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"சரிம்மா, சரி. ஒண்ணும் இல்ல உன் கண்ணுக்கு. உக்காரு முதல்ல."

அவர் முன்னால் ஒரு துணியில் ஊசிகள் வரிசையாகக் குத்தி நின்றன. இருபதுக்குக் குறையாது. ஸ்டீயரிங் பிடித்துத் தடித்துப்போன விரல்களால், அவள் வெளியே போயிருந்த நேரமெல்லாம், ஒவ்வொன்றிலும் வெள்ளை நூல் கோத்து முடிச்சுப் போட்டு வைத்திருந்தார்.

"இனிமே தினமும் கோத்து வச்சிடறேன். நீ கண்ணை இடுக்க வேண்டாம்," என்று ஒன்றை எடுத்து நீட்டினார்.

இரண்டாம் தடவை சொல்ல அவளுக்குத் தெம்பு இல்லை. அழுகை வந்தது, அதையும் கண்வலி என்றுதான் எடுத்துக்கொள்வார் என்று அடக்கிக்கொண்டாள். ஊசியை வாங்கி, முதல் உறையை மடித்து, தைக்க ஆரம்பித்தாள்.