மண்ணில் ஊறிய விளக்கெண்ணெய்

சங்கராபுரத்தில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கிறேன். ஒருவர் விற்ற ஒற்றை இருக்கைக் காரை, அலுமினியத்துக்காக அன்றே வெட்டிப் பிரித்தேன். என்ஜின் எண்ணெய் மண்ணில் கொட்டியது.

மறுநாள் வயதான அம்மா ஒருவர் வந்தார்.

"எம்புள்ள தெரியாம வித்துட்டான் தம்பி. எங்க வூட்டுக்காரரு சோழவரம் ரேஸ்ல ஓட்டின வண்டி. இங்க வந்துச்சா? ஒருவாட்டி பாத்துக்கினு போயிடறேன்."

வெட்டிவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. "வரலீங்கம்மா" என்றேன்.

திரும்பியவர் நின்றார். "விளக்கெண்ணெய் வாசனை வருதே. ரேசுக்கு என்ஜின்ல அவரு அதத்தான் ஊத்துவாரு."

நான் தலைகுனிந்தேன். அவர் கண்களை மூடி, அந்த வாசனையைக் கொஞ்ச நேரம் மூச்சில் இழுத்துவிட்டுப் போனார்.

இன்றும் மழை பெய்தால் அந்த இடம் மணக்கிறது. வெட்டாமல் விட்ட ஸ்டீயரிங் உள்ளேதான் இருக்கிறது. அதைக் கொண்டுபோய்க் கொடுக்க எனக்கு இன்னும் முகமில்லை.