தங்கச்சிக்கு எடுத்து வைத்த ஈரல்

போன செப்டெம்பர் முதல் வெள்ளி, தங்கச்சிக்குக் கிளினிக் நாள். வயிற்றில் ஐந்து மாதம். இரத்தம் குறைவு, ஈரல் கொடுங்கள் என்று டொக்டர் சொல்லியனுப்பினார். மாட்டு ஈரல் அடுப்பில் ஏறினாலே அவளுக்குக் குமட்டியது. அதனால் உம்மா மீன் ஈரலுக்கு மாறினார். மடவளையில் எங்கள் வீட்டுக்குக் கீழே ஓடும் சிற்றாறான ஓயாவில் தங்கச்சியின் மாப்பிள்ளை திலாப்பியா பிடிப்பார். சதை எங்கள் எல்லோருக்கும். ஈரல் முழுதும் அவள் பீங்கானுக்கு.

மூன்றாம் ஞாயிறு உம்மா மீன் வெட்டும்போது பக்கத்தில் நின்றேன். ஈரல் சிவப்பாக இல்லை. மஞ்சள் பாரித்து வீங்கியிருந்தது, ஓரமெல்லாம் கரும்புள்ளி.

"இத இனிக் குடுக்க வேணாம் உம்மா."

"மீனும் ஹலால், ஈரலும் ஹலால். நீ எந்தக் கிதாபுல வேற மாதிரிக் கண்ட?"

"ஹலால்தான். ஓயாத் தண்ணி சுத்தமா?"

தங்கச்சியின் மாப்பிள்ளை சிரித்தார். "மச்சான் புத்தகத்தப் பாத்துப் பாத்தே பட்டினி கிடப்பாரு."

படித்ததைச் சொன்னேன். வாகனம் கழுவிய எண்ணெயும் கடைத்தெருக் கானின் கழிவுநீரும் அந்த ஓயாவில்தான் விழுகின்றன. மீன் செவுளால் மூச்சு இழுக்கும்போதே அந்த நஞ்சு இரத்தத்தில் ஏறி ஈரலுக்குப் போகிறது. ஈரல் அதை உடைத்து, கரைத்து, பித்தத்தோடும் சிறுநீரோடும் வெளியே தள்ளப் பார்க்கும். சிலதை உடைக்கப் போய் இன்னும் கொடியதாக்கிவிடும். தள்ள முடியாத உலோகங்களைத் தன்னிடமே பிடித்து வைத்துக்கொள்ளும். நாங்கள் தின்ற சதையைவிட அவள் தின்ற ஈரலில்தான் பலதும் சேர்ந்திருக்கும்.

உம்மாவின் கத்தி நின்றது. "நல்லதுன்டுதானே பொறுக்கிப் பொறுக்கி எடுத்து வெச்சேன்."

குசினி வாசலில் தங்கச்சி நின்றதை அப்போதுதான் கண்டோம். அவள் அண்ணனான என்னைத்தான் கேட்டாள்: "நானா, நான் திண்டதெல்லாம்? புள்ளைக்குப் போயிருக்குமா?"

தெரியாது என்றேன். அடுத்த கிளினிக்கில் டொக்டரும் அதையேதான் வேறு சொற்களில் சொன்னார். ஈரலை நிறுத்துங்கள், இரும்புக் குளிசையைப் போடுங்கள், பிள்ளைக்குப் போனதைச் சோதிக்க இங்கே வழியில்லை, பிறக்கட்டும் பார்ப்போம்.

இதை டிசம்பரில் எழுதுகிறேன். தங்கச்சிக்கு எட்டாம் மாதம். வீட்டில் மீன் வாங்குவதில்லை, தூண்டிலும் எங்கே போனதோ தெரியவில்லை. குழந்தை அசையும் போதெல்லாம் உம்மா அல்ஹம்துலில்லாஹ் என்கிறார். தங்கச்சி அப்படிச் சொல்வதில்லை. என் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைக்கிறாள்.

"இது வெளையாடுறதா, துடிக்கிறதா நானா?"